பழைய எண்டர்பிரைஸ் பாய்மரப் படகு: சென்டர்போர்டு பெட்டி ஓரம் கறுத்திருக்கிறது, வாங்கலாமா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்)

வணக்கங்க. சனி, ஞாயிறில் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பாய் விரித்துப் போய்வர ஒரு சின்னப் படகு தேடுகிறேன். சென்னையில் ஒருவரிடம் எண்டர்பிரைஸ் இருக்கிறது. ஜாக் ஹோல்ட் 1956-இல் வடிவமைத்த வகை, பிளைவுட் உடல், 4 மீட்டர் சொச்சம் நீளம், நீலப் பாய். வார்னிஷ் பளபளவென்று இருக்கிறது. ஆனால் சென்டர்போர்டு (படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க நீருக்குள் இறக்கும் பலகை) நிற்கும் பெட்டி அடிப்பலகையோடு சேரும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. "பழைய கறைதான், தேய்த்தால் போய்விடும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா? வாங்கினால் ஏற்காட்டில் மாமாவின் எஸ்டேட் ஷெட்டில் நிறுத்திவைக்க யோசனை.

பதில் (காசிமேடு)

தம்பி, வார்னிஷைப் பார்த்து விலை பேசாதீங்க. திருப்புளிக் கைப்பிடியால் அடிப்பலகையைத் தட்டிக்கொண்டே கறுப்பை நோக்கி வாங்க. நல்ல மரம் கணீர்னு கேட்கும். இற்ற இடம் வந்ததும் சத்தம் பொத்தென்று அமுங்கும். அப்புறம் உடைமைக்காரரிடம் கேட்டுக்கொண்டு குத்தூசியால் அழுத்திப் பாருங்க. சுலபமாக இறங்கினால் அது கறையில்லை, மக்கல். பாய்மரத்தின் அடி உட்காரும் இடம், பின்பலகையின் கீழ் மூலைகள், படகை மிதக்கவைக்கிற காற்றுத் தொட்டிகளின் உள்பக்கம் இங்கெல்லாம் இதேபோல் பாருங்க. உப்புத் தண்ணியைவிட மழைத்தண்ணிதான் மரத்தைச் சீக்கிரம் தின்னும். மூடாமல் வெளியே கிடந்த படகென்றால் இன்னும் கவனம்.

எடையும் போடுங்க. எண்டர்பிரைஸ் வெற்றுடல் 94 கிலோவாக்கில் இருக்கணும். ரொம்ப ஏறியிருந்தால் மரம் தண்ணி குடித்திருக்கிறது.

பதில் (மேச்சேரி)

அணையில் ஓட்டப் போகிறவர் நீர்மட்டத்தை மனசில் வைக்கணும். முழு மட்டம் 120 அடி. பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் கிறிஸ்தவக் கோபுரமும் வெளியே தெரியும். அவை முழுசாக முங்கியும் முங்காமலும் இருக்கும் சமயம்தான் ஆபத்து: இறக்கிவிட்ட சென்டர்போர்டு பழைய சுவரில் மோதினால் நீங்கள் கேட்கிற அதே பெட்டிதான் பிளக்கும். பண்ணவாடியிலிருந்து நாகமரைக்கு ஆள் ஏற்றுகிற படகுக்காரரிடம் கேளுங்கள், எங்கே கல், எங்கே ஆழம் என்று சொல்வார்கள். ஆடியில் காற்று மலை இடுக்கு வழியாகத் திடீர்னு திரும்பும். புதிதாகப் பழகுகிறவர் தை, மாசியில் தொடங்குவது நல்லது. நீர்வளத்துறையில் எழுத்தில் அனுமதி வாங்காமல் இறக்காதீங்க.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றிங்க. இன்று போய்ப் பார்த்தேன். பெட்டியின் வலப்பக்கம் ஊசி வெண்ணெய் மாதிரி இறங்கியது. இரண்டு விரல் தள்ளி மரம் கெட்டி. இடப்பக்கம் முழுக்க நல்லா இருக்கிறது. விலையைக் குறைக்கத் தயாராக இருக்கிறார். சரிசெய்ய முடியுமா? மேலே ஃபைபர் ஒட்டிவிட்டால் போதும் என்கிறார்.

பதில் (காசிமேடு)

ஃபைபர் ஒட்டவே ஒட்டாதீங்க. உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு மரம் இன்னும் வேகமாக இறும். பெட்டி உட்காருகிற நடுக்கட்டையைக் குத்திப் பார்த்தீங்களா? அதுதான் முடிவு. அது கெட்டியென்றால், இற்ற பலகையை நல்ல மரம் வரைக்கும் வெட்டி, விளிம்பைச் சரிவாகச் சீவி, மெரைன் பிளைவுட் (தண்ணி தாங்கும் ஒட்டுப்பலகை) துண்டை எபாக்சிப் பசையில் ஒட்டலாம். சரிவு பலகைக் கனத்தைப் போல் எட்டு மடங்கு நீளம் இருக்கணும், தச்சர் சுருக்கினால் விடாதீங்க. நடுக்கட்டையும் இற்றிருந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

ஏற்காடு யோசனையை விடுங்க. இருபது கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரை ஏற்றி இறக்குவது ஒரு பாடு. ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் அடைத்த ஷெட்டில் பூஞ்சணம் பிடிக்கும். சேலத்திலேயே தரையிலிருந்து உயர்த்தி, கவிழ்த்து, தார்ப்பாய்க்கும் படகுக்கும் நடுவில் காற்றோட்டம் விட்டு வையுங்க. டிரெய்லருக்கு ஆர்.சி. இருக்கிறதா என்றும் பணம் கொடுக்குமுன் கேளுங்க.