வித்தவுட் காபி முதல் நன்னாரித் தண்ணீர் வரை: கலோரி ஏறாமல் ருசி கூட்டியவர்கள் சொல்லுங்கள்

காவிரிக்கரை (திருச்சி):
எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியதும் முதலில் காபியைத்தான் கணக்குப் பார்த்தேன். நாளைக்கு நாலு தம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம், கிராமுக்கு 4 கலோரி என்று வைத்தால் 160 கலோரி. ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் சர்க்கரையை நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்குக் காபியிலேயே 40 கிராம் போய்க்கொண்டிருந்தது.

ஒரேயடியாக வித்தவுட்டுக்கு மாற முடியவில்லை. தூளை மாற்றியதுதான் கைகொடுத்தது. சிக்கரி கலக்காத தூள், கருக வறுக்காமல் மிதமாக வறுத்தது. கசப்பு குறைந்ததும் சர்க்கரை தேடும் நாக்கும் அடங்கிவிட்டது. அப்போது காய்ச்சிய பால், முதல் டிகாஷன் மட்டும். பாலுக்கென்று ஓர் இனிப்பு இருக்கிறது, சர்க்கரை குறையக் குறையத்தான் அது தெரிகிறது. இப்போது அரை ஸ்பூனில் நிற்கிறேன். மற்றவர்கள் என்ன செய்தீர்கள்?

நாஞ்சில் அடுப்படி (நாகர்கோவில்):
எங்கள் பக்கம் வெறும் தண்ணீர் குடிப்பதே குறைவு. சீரகம் போட்டுக் கொதிக்க வைத்தது, இல்லையென்றால் பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்டது. கேரளத்து ஓட்டல்களில் இளஞ்சிவப்பாக வெதுவெதுப்பாகத் தருவார்களே, அதேதான். வெயில் காலத்தில் நன்னாரி. வேரைக் கழுவித் தட்டி, நடுவில் இருக்கும் கட்டைத் தண்டை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் மண்பானைத் தண்ணீரில் இரவே போட்டுவிடுவேன். வெனிலாவுக்கு மணம் தரும் பொருளுக்கு மிக நெருங்கிய ஒன்றுதான் நன்னாரியிலும் இருக்கிறது. அதனால் சர்க்கரை ஒரு துளி இல்லாமலே இனிப்புப் பண்டத்தின் வாசம் வரும். கடை நன்னாரி சர்பத் வேறு கதை, அது பெரும்பாலும் சர்க்கரைப் பாகுதான். இன்னொன்று: நன்றாகக் குளிர்ந்த பானத்தில் இனிப்பு நாக்குக்குக் குறைவாகவே தெரியும். ஐஸ் போட்ட ஜூஸுக்குச் சர்க்கரை அள்ளிப் போடத் தோன்றுவது அதனால்தான். பானைக் குளிர்ச்சியே போதும்.

மிளகுதக்காளி (மதுரை):
காபியை விட என் வீட்டில் எண்ணெய்தான் பெரிய கணக்கு. கிராமுக்கு 9 கலோரி, ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 120. பொரியலுக்கு எண்ணெய் ஊற்றி வதக்குவதை விட்டுவிட்டு, காயைத் தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்து, கடைசியில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுகிறேன். பெருங்காயத்தின் மணம் சூடான எண்ணெயில்தான் விரியும். அதனால் அந்த ஒரு டீஸ்பூனை மட்டும் விட மாட்டேன். எண்ணெயே வேண்டாம் என்று சமைத்தால் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள்.

ஆனால் எனக்கு ராஜா ரசம்தான். புளி, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு. இதில் கலோரி என்று சொல்ல எவ்வளவு இருக்கப்போகிறது? மிளகு சீரகத்தை மிக்ஸியில் மாவாக்காமல் உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி, அன்றன்றைக்குப் போடுங்கள். நுரை கட்டி மேலே எழும்பியதும் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் வாசம் ஆவியோடு போய்விடும், சமையலறை மணக்கும், தட்டில் ஒன்றும் இருக்காது. நான் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தம்ளர் ரசம் குடித்துவிடுகிறேன், சோறு தானாகக் குறைகிறது. எலுமிச்சையும் அப்படித்தான், இறக்கிய பிறகு பிழிந்தால் உப்பையும் குறைத்துக்கொள்ளலாம்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்):
எங்கட வீட்டில் தேத்தண்ணிக்குள் சீனி போடுகிற வழக்கமே இல்லை. பால் விடாத தேத்தண்ணி, கையில் ஒரு சின்னத் துண்டு பனங்கட்டி. கடித்துக்கொண்டு குடிப்போம். கலோரி முற்றாக இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் இனிப்பு நேராக நாக்கில் படுவதால் சின்னத் துண்டே காணும். இரண்டாவது கோப்பைக்கு இஞ்சியும் கறுவாவும் (லவங்கப்பட்டை) மட்டும். கறுவா வாங்கும்போது பாருங்கோ: எங்கட கறுவா மெல்லிய பட்டைகள் பல சுருண்டு இருக்கும். தடித்த ஒற்றைப் பட்டையாக வருவது வேறு இனம், அதில் கூமரின் என்ற பொருள் கூடுதலாக இருக்கும். தினமும் நிறையக் குடித்தால் ஈரலுக்கு நல்லதில்லை.

வைகைத்தென்றல் (தேனி):
பனங்கூடல் சொன்ன எச்சரிக்கையோடு இன்னொன்றும் சேர்க்கிறேன், தயவுசெய்து கவனியுங்கள். அதிமதுரம் போட்ட டீ சர்க்கரை இல்லாமலே நன்றாக இனிக்கும். என் மாமா அதைத் தினம் பல தடவை குடித்தார். பிரஷர் ஏறிவிட்டது. அதிமதுரம் அளவு மீறினால் ரத்த அழுத்தம் கூடும், பொட்டாசியம் குறையும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

காபி, டீயில் சர்க்கரைக்குப் பதில் இனிப்பு மாத்திரை போடுகிறவர்களும் இருப்பீர்கள். எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது, அவர்கள் டாக்டர் சொல்வதைக் கேட்கட்டும்.

காவிரிக்கரை (திருச்சி):
அக்கா, அண்ணன் எல்லோருக்கும் நன்றி. மாமா இப்போது எப்படி இருக்கிறார், வைகைத்தென்றல்? நன்னாரி வேர் நாளைக்கே நாட்டு மருந்துக் கடையில் வாங்கிவிடுவேன். மிளகுதக்காளி அக்கா, ரசத்துக்குப் புளி எவ்வளவு போடுகிறீர்கள்? எனக்கு எப்போதும் புளிப்பு தூக்கலாகிவிடுகிறது.

மிளகுதக்காளி (மதுரை):
நாலு பேருக்குச் சின்ன நெல்லிக்காய் அளவு புளி, இரண்டு நாட்டுத் தக்காளி. தக்காளி நன்றாகப் பழுத்திருந்தால் புளியை இன்னும் பாதியாக்குங்கள்.