ஃபெர்மென்டர் (நொதிக்கிற பாத்திரம்) மாத்தினாப் பிறகு பியர் பிளேன்ரீ நிறமாகுது, எங்க பிழை?

ஸ்காபரோக்காரன்:
வணக்கம் அண்ணைமார். வீட்டில பியர் காய்ச்சிறன், இது நாலாவது முறை. ஹேஸி ஐபிஏ (கலங்கலா, பழ வாசத்தோட இருக்கிற பியர்), 20 லீற்றர். பிளாஸ்டிக் வாளியில நொதிக்க விட்டு, பத்தாம் நாள் தெளியட்டும் எண்டு கண்ணாடிக் கார்போய்க்கு (ஒடுங்கின வாய்ப் பெரிய போத்தல்) சைபன் குழாயால மாத்தினன். கார்போய்க்குள்ள முதலே ஒரு நிமிசம் காபனீரொட்சைட்டு அடிச்சனான். மாத்தேக்க தோடம்பழச்சாறு மாதிரி இருந்தது, இப்ப பிளேன்ரீ. மாம்பழ வாசம் போய் நனைஞ்ச காட்போட் மட்டை மணக்குது. வாசத்துக்குப் போடுற ஹொப்ஸ் பூ மட்டும் 200 கிராம் போட்டது, வயிறு எரியுது. குழாய்க்குள்ள சின்னக் குமிழி ஓடினது. அதுவோ காரணம்?

மெல்பர்ன் பழசு:
தம்பி, ஆக்சிஜன் பட்டிருக்கு. கிருமின்னா பெரும்பாலும் புளிக்கும், உங்களது புளிக்கலையே. அதை விடுங்க, ஹேஸியை எதுக்குத் தெளிய வைக்கிறீங்க?! அந்த மாத்தலே தேவையில்லை, நேரா கெக்குக்கு (அழுத்தம் தாங்குற உலோகப் பீப்பாய்) போங்க. அப்புறம் அந்த ஒரு நிமிஷ வாயு: கனமானதுதான், ஆனா போர்வை மாதிரி படுத்துக்கிடக்காது, காத்தோட கலந்துடும்.
குமிழி எங்க ஆரம்பிச்சுது? குழாய் மாட்டுற மூட்டுலயா? அப்படின்னா அங்க காத்து உறிஞ்சுது, கிளாம்ப் போடுங்க.

ஸ்காபரோக்காரன்:
ஓம் அண்ணை, மூட்டிலதான். கெக் இருக்கு. வாளிக்குள்ள காஸ் அடிச்சுத் தள்ளலாமோ?

மெல்பர்ன் பழசு:
வேண்டவே வேண்டாம், மூடி பறக்கும். கண்ணாடிக்கு அடிச்சா வெடிக்கும், அது இன்னும் மோசம்.
19 லிட்டர் கெக்கை ஸ்டார் சான் (கிருமிநாசினி) கரைசலால வாய்வரை நிரப்பி மூடுங்க. காஸால அத்தனையும் வெளிய தள்ளுங்க, இப்ப உள்ள அநேகமா காஸ் மட்டும்தான். அழுத்தத்தை முழுசா விட்டுடுங்க, மறந்தா காஸ் பீருக்குள்ள எதிர்த்துப் பொங்கும் (எங்க வீட்டுக் கூரையில தடம் இன்னும் இருக்கு). வாளி மேசை மேல, கெக் தரையில. வாளியின் அடி டேப்பிலேருந்து கெக்கோட லிக்விட் போஸ்டுக்கு (பீர் போற வாய்) ஒரு குழாய், காஸ் போஸ்டிலேருந்து (காஸ் போற வாய்) வாளி மூடியின் ஏர்லாக் (காஸை வெளிய விடுற தண்ணி அடைப்பு) ஓட்டைக்கு இன்னொண்ணு. பீர் இறங்க இறங்க கெக்கு காஸ் மேல ஏறி அந்த இடத்தை அடைக்கும். வெளிக்காத்துக்கு வழியே இல்லை. டேப் இல்லாத வாளின்னா ஒண்ணு மாட்டிக்குங்க.

குளிர்காலக் கள்ளு:
தம்பி, கார்போயைக் குளிரில வைச்சனீரோ?

ஸ்காபரோக்காரன்:
கராஜில வைச்சனான் அக்கா. ஏர்லொக் தண்ணி பாதி உள்ள இழுபட்டிருந்தது.

குளிர்காலக் கள்ளு:
தண்ணி போன வழியால காத்தும் போயிருக்கும். குளிர வாயு சுருங்கும், வெளியில இருந்து இழுக்கும். நொதி மும்முரமா இருக்கேக்கயே ஏர்லொக்குக்குப் பதிலா ஒரு பெரிய பலூனை மாட்டும். குளிர்ந்தா அந்தக் காஸ்தான் திரும்ப உள்ள போகும். இப்ப இருக்கிற பியர் இனித் திருந்தாது, இறைச்சிக்கு ஊத்தும்.

ஸ்காபரோக்காரன்:
அடுத்த கொதி போட்டு, நீங்கள் சொன்ன மாதிரி கெக்குக்கு இறக்கினன். மூண்டு கிழமை, இன்னும் மஞ்சள்தான். அழுத்தம் விட மறந்து கொஞ்சம் பொங்கினது, மனிசி ஏசினவ.