அப்பாவின் வானொலிப் பதிவு: பூஞ்சை பிடித்த ஒலிநாடாவை மீட்க உதவி தேவை

1987 ஜூலை 29 அன்று இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தான மாலை, வானொலிச் செய்தியையும் அதன் பின் வந்த கலந்துரையாடலையும் அப்பா ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். உறையில் அவருடைய கையெழுத்தில் திகதி இருக்கிறது. 60 நிமிட நாடா. அந்த ஒப்பந்தத்தைத் தொடர்ந்து வடக்கு, கிழக்கு மாகாணங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டது, 2006இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, 2017இல் கலைந்த கிழக்கு மாகாண சபைக்கு இன்றுவரை தேர்தல் இல்லாதது ஆகியவற்றைப் பற்றி நானும் நண்பர்களும் தயாரிக்கும் பாட்காஸ்டுக்கு அந்தக் குரல்கள் மிகவும் தேவை.

வீடு உப்புவெளியில், கடற்கரையோரம். உப்புக்காற்றும் ஈரமும் நாடாவைப் பிடித்துவிட்டன. ஓரமெங்கும் வெள்ளைப் பூஞ்சை. முதல் பத்து நிமிடம் மங்கலாகக் கேட்கிறது, பிறகு கீச்சென்ற சத்தம், நாடா நின்றுவிடுகிறது.

பிளேயரின் தலையை ஆல்கஹாலால் துடைத்தேன். நாடாவைப் புதிய கூட்டுக்கு மாற்றினேன். இன்னொரு பிளேயரிலும் போட்டேன். பலனில்லை. கடைக்காரர் ஒருவர் பழுதான பகுதியை வெட்டி ஒட்டலாம் என்றார். அதற்கு மனம் ஒப்பவில்லை. அறுந்துவிடும் என்ற பயத்தில் இரண்டு வாரமாகத் தொடவில்லை.

திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ, நாடாவை வெட்டாமல் பூஞ்சை நீக்கி எண்ணிமமாக மாற்றித் தரக்கூடியவர் யார்?