புதுப்பிப்பு: பிஸ்கட் அடி கருகுவது நின்றுவிட்டது (கிளிநொச்சி, சின்ன மேசை அவண்)

பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. கேட்டிருந்தது இதுதான்: 180 பாகையில் 12 நிமிடம் வைத்தால் மேல் வெளிறியிருக்க, அடி கருகுது, ஏன்?

முதலில் அவணுக்குள் தனி வெப்பமானி வைத்துப் பார்த்தேன். குமிழ் 180 காட்ட, உள்ளே 205! இப்ப குமிழை 160இல் வைக்கிறேன். ஆனால் முழுசாச் சரிவந்தது, ஒரு தட்டுக்கு மேல் இன்னொன்றை வைக்கச் சொன்ன யோசனையால்தான். அவணோடு வந்த கறுப்புத் தட்டு கீழ்க்கம்பியின் சூட்டை அப்படியே இழுக்கும். இரண்டு தட்டுக்கும் இடையில் காற்று நின்றால் அந்தச் சூடு தணியும். இரண்டு தட்டையும் அவணின் நடு அடுக்கில், மேல் தட்டில் ஒயில் பேப்பர் விரித்து, 11 நிமிடம். ஓரம் பொன்னிறமாகி நடு மென்மையாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கோ, ஆற ஆற இறுகும்.

எதிர்பாராதது இரண்டு. சீனியில் பாதிக்குப் பனங்கட்டி போட்ட மா 9 நிமிடத்திலேயே சிவந்துவிட்டது. அதோடு நிறத்தை வைத்துப் பதம் பார்க்கவும் ஏலாது, ஓரத்தைத் தொட்டுத்தான் பார்க்கவேணும். மற்றது, சூடான தட்டிலேயே இரண்டாம் தடவை மாவை வைத்தால் பட்டர் உருகிப் பரவி, மெல்லிய ஓரம் கருகும். எங்கட வெக்கைக்கு மாவை அரை மணித்தியாலம் ஃபிரிஜ்ஜில் வைத்தே ஆகவேணும்.