நொய்யென்பா, நொறுங்கென்பா?

கலைச்சொற் குழுமத்தாருக்கு வணக்கம்.

பிறவியிலேயே என்பு (எலும்பு) எளிதில் உடையும் நோயான ஒஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்பெக்டாவுக்குத் தமிழில் இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: குறையென்பாக்கம், கண்ணாடி எலும்பு நோய், நொய்யென்பு நோய். கடைசிச் சொல்லுக்கே ஆதரவு அதிகம். நான் அதை எதிர்க்கிறேன்.

முதற்சொல் இலத்தீனின் நிழல். 1849இல் அந்தப் பெயரைச் சூட்டிய டச்சு உடற்கூற்றியலாளர் விரோலிக்குக்கு, என்பின் நார்ப்புரதமான கொலாஜனில்தான் பிழை என்று தெரிய வாய்ப்பில்லை. விற்றமின் டி குறைவால் வரும் றிக்கெற்ஸும் குறைபட்ட என்பாக்கம்தான். பெயர் எதையும் பிரித்துக் காட்டவில்லை. கண்ணாடி செய்தித்தாளுக்குச் சரி, பாடநூலுக்கு ஆகாது.

நொய்யரிசி உடைந்த அரிசிதானே என்று காட்டி நொய்யென்புக்காக வாதிட்ட மட்டக்களப்பு ஐயாவின் தமிழ் அழகானது. ஆனால் நொய்ம்மை என்றதும் மென்மையும் கனமின்மையும் அல்லவா மனத்தில் தோன்றுகின்றன? இந்த நோயில் என்புப் பொருள் மென்மையானதன்று. நோயாளிகளில் பெரும்பாலானோருக்குப் பிழை இருப்பது முதலாம் வகைக் கொலாஜனின் மரபணுக்களில். கொலாஜன் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருந்தால்தான் மூன்று சங்கிலிகளும் இறுகப் பின்னும். அங்கே பெரியதொன்று புகுந்தால் பின்னல் பிசகுகிறது. கடுமை குறைந்த வகையில் பின்னல் சரியாக இருந்தாலும் கொலாஜனின் அளவு ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது.

கனியுப்பின் கதைதான் பலரைக் குழப்புகிறது. அடர்த்தி அளக்கும் எக்ஸ்கதிர்ச் சோதனை குறைவான எண்ணைத் தரும். காரணம், என்பின் மொத்த அளவே குறைவு: புறப்படை மெல்லியது, உள்ளே துளைகள் அதிகம். அதே என்பின் ஒரு துணுக்கை மின்னணு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நிலைமை தலைகீழ். இருக்கும் பொருளில் கல்சியம் பொசுபேற்றுப் படிகங்கள் வழமையைவிட நெருக்கமாக, ஆனால் சிறியனவாக, அடைந்து கிடக்கின்றன. 

நம் கரையில் பைபர் படகு திருத்துபவர்களிடம் கேட்டால் விளக்குவார்கள்: நார் மோசமானால் மேலே எவ்வளவு பிசின் பூசினாலும் படகு விறைக்குமே தவிர, அலையடியில் வெடிப்பதைத் தடுக்க முடியாது. என்பில் கொலாஜன்தான் நார், கனியுப்புத்தான் பிசின்.

விசைக்கு என்பு எவ்வளவு உருமாறுகிறது என்று காட்டும் தகைப்பு–விகார வரைபிலும் அதுவே தெரிகிறது. நல்ல என்பு, பழைய வடிவுக்குத் திரும்பக்கூடிய மீள்தன்மை எல்லையைக் கடந்த பின்னும் சற்று நீண்டு, சக்தியை உறிஞ்சிய பிறகே உடையும். இங்கே எல்லை தாண்டியவுடனேயே வரைபு நின்றுவிடுகிறது. ஆகவே விறைப்பு, வலிமை என்ற சொற்களோடு மூன்றாவதாக ஒன்று நமக்குத் தேவை: உடையும்வரை உறிஞ்சும் சக்தியைக் குறிக்க ‘உடைதாங்குதிறன்’ என்பேன். நீளம்தான், சுருக்கித் தருபவருக்கு என் நன்றி.

நோயின் பெயர்: நொறுங்கென்பு நோய். வினைத்தொகை என்பதால் நொறுங்கிய, நொறுங்குகின்ற, நொறுங்கும் என்பு என முக்காலமும் அடங்கும்.

— திருகோணமலை, விஞ்ஞான ஆசிரியர்

*

ஆசிரியர் ஐயாவுக்கு,

கடும் வகையில் பிள்ளைகளின் கால் என்பு வில்லாக வளைகிறதே? 1979இல் மருத்துவர் சிலென்ஸ் இந்நோயைப் பிரித்த நான்கு வகைகளில் மூன்றாவதைப் பாருங்கள். வளைவது நொறுங்குமா?

— மட்டக்களப்பு

*

ஐயா,

நல்ல கேள்வி. அந்த வளைவு மென்மையால் வருவதன்று. கண்ணுக்குத் தெரியாத சிறுவெடிப்புகள் திரும்பத் திரும்ப ஏற்பட்டு, கோணலாகவே ஆறி, தசையும் இழுப்பதால் சேர்ந்த வளைவு. ஈர்க்கை வளைப்பதுபோல் அந்த என்பை வளைத்துப் பார்க்க முடியாது.

— திருகோணமலை

*

ஐயாமார் இருவருக்கும்,

நான் இயன்மருத்துவர். சொல் எனக்குச் சம்மதம், ஆனால் என் அறைக்கு வரும் எந்தத் தாயும் ‘என்பு’ என்று சொன்னதில்லை. துண்டுப்பிரசுரத்தில் ‘நொறுங்கெலும்பு நோய்’ என்று போடுவோம். கூடவே ஒரு வரி வேண்டும்: கல்சியம் மாத்திரை மட்டும் கொடுத்தால் இது மாறாது. பிஸ்பொஸ்பனேற்று மருந்துகூட எலும்பு அரிபடுவதைக் குறைத்து அளவைக் கூட்டுமே தவிர, கொலாஜனைத் திருத்தாது. ‘உடைதாங்குதிறன்’ பாடநூலோடு நிற்கட்டும்.

— உப்புவெளி