லேப் ரிப்போர்ட் அனுப்ப செலரி வேண்டுமா, போஸ்ட்கிரெஸ் டேபிள் ஒன்று போதுமா?

தரமணி_தென்றல் | செவ்வாய், இரவு 9:40

வணக்கம். அடையாறு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். ஆறு கிளைகள், பைத்தானில் வெப் சாஃப்ட்வேர் எழுத உதவும் ஜாங்கோ, டேட்டாபேஸுக்குப் போஸ்ட்கிரெஸ், ஒரே சர்வர். டீமில் மூன்று பேர். காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு சுகர் டெஸ்டுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். அந்த ரிப்போர்ட் எல்லாம் பதினொரு மணிவாக்கில் மொத்தமாகத் தயாராகும். லேப் ஊழியர் 'அனுப்பு' பட்டனை அழுத்தினால், அந்த ஒரே ரிக்வெஸ்டுக்குள் பிடிஎஃப் உருவாகி, மெயில் போய், எஸ்எம்எஸ்ஸும் போக வேண்டும். எஸ்எம்எஸ் நிறுவனம் பதில் தரத் தாமதித்தால், 30 விநாடியில் குனிகார்ன் (ஜாங்கோவை ஓட்டும் வெப் சர்வர்) அந்த வொர்க்கரை, அதாவது ரிக்வெஸ்டைக் கவனிக்கும் புராசஸை, நிறுத்திவிடுகிறது. திரையில் எரர் வருகிறது. ஊழியர் மறுபடி அழுத்துகிறார். சிலருக்கு ஒரே ரிப்போர்ட் இரண்டு தடவை போகிறது, சிலருக்குப் போவதே இல்லை.

இதைப் பின்னணிக்குத் தள்ள வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஒருவர் செலரியும் (பின்னணி வேலைகளை ஓட்டும் பைத்தான் லைப்ரரி) ராபிட்எம்க்யூவும் (அந்த வேலைகளை வரிசையில் வைத்து வொர்க்கர்களுக்குக் கொடுக்கும் புரோக்கர்) போடலாம் என்கிறார். இன்னொருவர் வேலைகளை எழுதி வைக்க டேட்டாபேஸில் ஒரு டேபிள் போதும் என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கிண்டி_எக்ஸ்பிரஸ் | செவ்வாய், இரவு 10:15

யோசிக்கவே வேண்டாம், செலரி. 2009-லிருந்து இருக்கிறது. வேலை தோற்றால் திரும்ப முயல்வது, ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டுவது, அவசர வேலைக்குத் தனி கியூ (வரிசை), ஒன்று முடிந்த பின் இன்னொன்று என்று சங்கிலி கோர்ப்பது எல்லாம் அதில் இருக்கிறது. எத்தனையோ பேர் அடிபட்டுச் சரிசெய்து வைத்ததை நீங்கள் மூன்று பேர் உட்கார்ந்து புதிதாக எழுதப் போகிறீர்களா? எழுதலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து, லேபுக்கு வேண்டிய வசதிகளை விட்டுவிட்டு உங்கள் சொந்த கியூவைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த நிலையில் ஒரு டீமோடு நானே இருந்திருக்கிறேன்.

மயிலை_வாசகன் | செவ்வாய், இரவு 10:52

கிண்டி நண்பர் சொல்லும் வசதிகள் எல்லாம் உண்மை. ஆனால் தென்றல் கேட்டிருப்பது ஆறு கிளை, ஒரு சர்வர். அதற்குள் ராபிட்எம்க்யூ வந்தால் கண்காணிக்கவும், அப்டேட் செய்யவும், நடு ராத்திரியில் எழுந்து பார்க்கவும் இன்னொரு ஆள் வீட்டுக்கு வந்த மாதிரி.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. ரிப்போர்ட்டை டேட்டாபேஸில் எழுதுகிறீர்கள், வேலையைப் புரோக்கரிடம் கொடுக்கிறீர்கள். எழுதும் இடம் இரண்டு. டிரான்சாக்‌ஷன் கமிட் ஆவதற்குள் (டேட்டாபேஸில் உறுதியாகப் பதிவதற்குள்) வொர்க்கர் வேலையை எடுத்துவிட்டால், 'அப்படி ஒரு ரிப்போர்ட்டே இல்லை' என்று எரர் வரும். கமிட் ஆனபின் மட்டும் ஓடவைக்க ஜாங்கோவில் 'ஆன் கமிட்' இருக்கிறதே என்பீர்கள். சரி, கமிட் ஆனபின் புரோக்கரிடம் கொடுப்பதற்குள் புராசஸ் செத்தால்? ரிப்போர்ட் இருக்கும், அனுப்பும் வேலை எங்கேயும் இருக்காது. யாருக்கும் தெரியவும் தெரியாது. வேலையையும் அதே போஸ்ட்கிரெஸில், அதே டிரான்சாக்‌ஷனில் ஒரு வரியாக எழுதினால் இரண்டும் சேர்ந்து நிற்கும், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து போகும். நடுவில் எதுவும் தொலையாது.

ஒரே வரியை இரண்டு வொர்க்கர் எடுத்துவிடுமோ என்ற பயமும் தேவையில்லை. 2016-ல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.5-லேயே 'ஸ்கிப் லாக்டு' வந்துவிட்டது. ஒருவர் பூட்டிய வரியை அடுத்தவர் தாண்டிப் போய்விடுவார். 2024 நவம்பரில் வந்த ரெயில்ஸ் 8-ஐப் (ரூபி மொழியில் ஜாங்கோ மாதிரி) பாருங்கள். புதிய ப்ராஜெக்டுக்கு அவர்கள் தரும் கியூவே டேட்டாபேஸில் ஓடுவதுதான்.

சேப்பாக்கம்_கேலரி | செவ்வாய், இரவு 11:05

கிரான் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் வசதி) போதாதா? நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பாத ரிப்போர்ட்டை எடுத்து அனுப்பினால் ஆயிற்று.

பல்லாவரம்_பாரி | செவ்வாய், இரவு 11:20

தம்பி, ஒரு ஓட்டம் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்தால் அடுத்ததும் கிளம்பிவிடும். இரண்டும் ஒரே ரிப்போர்ட்டை எடுக்கும். பூட்டு போட வேண்டும். பூட்டு போட்டபின் அது மயிலை சொல்லும் டேபிள் முறைதான்.

கிண்டி_எக்ஸ்பிரஸ் | புதன், காலை 8:30

மயிலை, 'ஸ்கிப் லாக்டு' பற்றி நீங்கள் சொன்னது பாதிக் கதை. வரியைப் பூட்டியபடியே எஸ்எம்எஸ் நிறுவனத்தைக் கூப்பிட்டால், அவர்கள் பதில் தரும்வரை டிரான்சாக்‌ஷன் திறந்தே கிடக்கும். அது நீண்டால் போஸ்ட்கிரெஸின் துப்புரவு வேலையான வேக்யூம் பழைய வரிகளைத் துடைக்க முடியாமல் நிற்கும், டேபிள் ஊதும். அதனால் 'எடுத்துக்கொண்டேன்' என்று குறித்து, கமிட் செய்துவிட்டு, அப்புறம்தான் வேலையைத் தொடங்க வேண்டும். நடுவில் வொர்க்கர் செத்தால் அந்த வரி 'எடுத்துக்கொண்டேன்' என்ற நிலையிலேயே கிடக்கும். அதை மீட்க, இத்தனை நிமிடம் ஆனால் திரும்ப வெளியே விடு என்று இன்னொரு நிரல் வேண்டும். இதைத்தான் ரெடிஸை (தரவை மெமரியில் வைக்கும் சர்வர்) புரோக்கராக வைக்கும்போது 'விசிபிலிட்டி டைம்அவுட்' என்கிறோம். நீங்கள் வேண்டாம் என்று விரட்டியதையே திரும்ப எழுதுகிறீர்கள்.

மயிலை_வாசகன் | புதன், காலை 9:10

ஒத்துக்கொள்கிறேன், அந்த மீட்பு நிரல் வேண்டும். ஆனால் எங்கள் ஆபீஸில் அது இருபது வரிகூட இல்லை. அதோடு உங்கள் பக்கமும் இதே கதைதான். நான் சொன்ன தொலையும் வேலைக்கு செலரிக்காரர்கள் சொல்லும் தீர்வு என்ன? அவுட்பாக்ஸ். அனுப்ப வேண்டியதை முதலில் டேட்டாபேஸில் எழுதி, அங்கிருந்து புரோக்கருக்குத் தள்ளுவது. அதுவும் ஒரு டேபிள்தானே! டேபிள் எப்படியும் வரப் போகிறது என்றால், இந்த அளவு வேலைக்குப் புரோக்கர் எதற்கு?

பல்லாவரம்_பாரி | புதன், மதியம் 1:45

பதினோரு வருடமாக சர்வர் பார்ப்பவன். இரண்டையும் ஓட்டியிருக்கிறேன், இரண்டிலும் அடிபட்டிருக்கிறேன். தென்றலுக்காகக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அடி. முன்பு வேலை பார்த்த இடத்தில் செலரி, புரோக்கர் ரெடிஸ். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வர வேண்டியவர்களுக்கு இரவு ஒன்பது மணிக்கு நினைவூட்டல் போக வேண்டும். மாலை ஐந்து மணிக்கே இத்தனை மணிக்கு ஓடு என்று நேரம் குறித்து கியூவில் போட்டுவிடுவோம். ரெடிஸில் விசிபிலிட்டி டைம்அவுட் தானாக ஒரு மணி நேரம். அதற்குள் வேலை முடிந்ததாகத் தகவல் வரவில்லை என்றால் செலரி அதை இன்னொரு வொர்க்கரிடம் கொடுக்கும். மணிக்கு ஒரு முறை கொடுத்துக்கொண்டே இருந்தது. ஒன்பது மணி ஆனதும் எல்லாப் பிரதியும் ஓடின. ஒரே பெரியவருக்கு நான்கு எஸ்எம்எஸ். இது செலரி ஆவணத்தில் எச்சரிக்கையாகவே எழுதியிருக்கிறது. எங்களில் ஒருவர்கூட அதைப் படித்திருக்கவில்லை.

இரண்டாவது அடி, 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் ஒரு அலுவலகத்துக்குள்ளேயே சர்வர் வைத்திருந்தோம். கரன்ட் போனது, யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? ரெடிஸை அதன் இயல்பான அமைப்பிலேயே விட்டிருந்தோம். அவ்வப்போது எடுக்கும் நகல் மட்டும்தான், ஒவ்வொரு எழுத்தையும் பதியும் ஏஓஎஃப் போடவில்லை. கடைசி நகலுக்குப் பின் வந்த வேலைகள் எதுவும் மிஞ்சவில்லை. தண்ணீர் வடிந்து இயந்திரத்தைப் போட்டபோது எவை போயின என்று பட்டியல் எடுக்கக்கூட வழியில்லை. அதே இயந்திரத்தில் இருந்த போஸ்ட்கிரெஸில் கமிட் ஆன ஒரு வரியும் போகவில்லை. ராபிட்எம்க்யூவாக இருந்திருந்தால், டிஸ்கில் எழுதும் கியூ என்பதால், நிலைமை மேலாக இருந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, செலரி வொர்க்கர் ஒரு வேலையைத் தொடங்கும் முன்பே 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லிவிடும். அதுதான் அதன் இயல்பு. பிடிஎஃப் பாதியில் மெமரி தீர்ந்து புராசஸ் செத்தால் அந்த வேலை அவ்வளவுதான். 'ஆக்ஸ் லேட்' போட்டால் முடிந்த பின்தான் சொல்லும். ஆனால் அது மட்டும் போட்டால் போதாது. மெமரி தீர்ந்து கொல்லப்பட்டவற்றைத் திரும்பப் பெற 'ரிஜெக்ட் ஆன் வொர்க்கர் லாஸ்ட்' என்பதையும் போட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

தென்றல், உங்கள் பதிவில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. ஊழியர் பட்டனை இரண்டாவது முறை அழுத்துகிறார் என்றீர்கள். எந்தக் கியூவும் இல்லாமலேயே உங்களுக்கு வேலை இரண்டு தடவை ஓடுகிறது. அதை முதலில் நிறுத்துங்கள். ரிப்போர்ட் எண், வழி (எஸ்எம்எஸ் அல்லது மெயில்), ரிப்போர்ட் எத்தனையாவது திருத்தம், இந்த மூன்றும் சேர்ந்து திரும்ப வரக்கூடாது என்று டேட்டாபேஸிலேயே தடை போடுங்கள். செலரியோ டேபிளோ, எது வந்தாலும் அந்தத் தடை வேண்டும்.

தரமணி_தென்றல் | புதன், இரவு 7:30

நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். எஸ்எம்எஸ் போய்விட்டது, 'போய்விட்டது' என்று குறிப்பதற்குள் வொர்க்கர் செத்தால்? போனதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

பல்லாவரம்_பாரி | புதன், இரவு 8:05

தெரியாது. இரண்டு தடவை போனாலும் பரவாயில்லையா, போகாமலே இருந்தாலும் பரவாயில்லையா என்று வேலைக்கு வேலை நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். ரிப்போர்ட் எஸ்எம்எஸ் என்றால் இரண்டு தடவை போகட்டும், போகாமல் இருக்கக்கூடாது. பணத்தைத் திருப்பித் தரும் வேலை என்றால் கதை வேறு. அங்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண்ணை நீங்களே அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் பேமென்ட் கேட்வே பழைய பதிலையே தரும்படி இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத கேட்வேயில் பணத்தைத் தானாகத் திரும்ப முயலவே விடாதீர்கள். ஆள் பார்த்து முடிவெடுக்கட்டும்.

கிண்டி_எக்ஸ்பிரஸ் | புதன், இரவு 9:25

பாரி அண்ணா சொன்னதில் எதையும் மறுக்க மாட்டேன். இருந்தாலும் என் பக்கத்தை விட மனமில்லை. நாளைக்கு அந்த லேப் கம்பெனிகளுக்கு மெடிக்கல் கேம்ப் எடுக்கும். ஓஎம்ஆரில் ஒரு ஐடி ஆபீஸில் ஒரே நாளில் எண்ணூறு பேருக்குப் பரிசோதனை, எண்ணூறு பிடிஎஃப், அதற்கு மேல் ஒரு மொத்த அறிக்கை. இருபது நிமிடம் ஓடும் அந்த மொத்த அறிக்கைக்குப் பின்னால் ஒருவருடைய அவசர ரிப்போர்ட் காத்துக்கிடக்கும். செலரியில் இரண்டு கியூ, இரண்டு வொர்க்கர், அரை மணி நேர வேலை.

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. செலரி ஒவ்வொரு புராசஸுக்கும் நான்கு வேலையை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்ளும். நான்கு கோர் இருந்தால் நான்கு புராசஸ், மொத்தம் பதினாறு. நீண்ட வேலைகளுக்கு அதை ஒன்று என்று குறைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வொர்க்கர் சும்மா இருக்க, இன்னொன்றின் கையில் வேலை தேங்கி நிற்கும்.

மயிலை_வாசகன் | புதன், இரவு 9:50

டேபிளிலும் 'வகை' என்று ஒரு பத்தி சேர்த்து, ஒரு வொர்க்கர் அவசரத்தை மட்டும் எடுக்கட்டும் என்று சொல்லலாம். கேம்ப் வரும் நாளில் செலரிக்கு மாறத் தோன்றினால் மாறட்டும், யார் தடுத்தது? ஜாங்கோ 6.0-லும் பின்னணி வேலைக்கென்று ஒரு பொது இடைமுகம் வந்திருக்கிறது. அதன் வழியாகக் கூப்பிட்டால் பின்னால் ஓடுவதை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நிஜ சர்வரில் ஓடும் வொர்க்கர் அதோடு வருவதில்லை, அதை நாம்தான் தேட வேண்டும்.

தரமணி_தென்றல் | இரண்டு வாரம் கழித்து, சனி, காலை 10:20

டேபிள் முறையைத்தான் எடுத்தோம். பாரி அண்ணா சொன்ன தடையை முதல் நாளே போட்டோம். வேறு எதையும் தொடுவதற்கு முன்பே இரட்டை எஸ்எம்எஸ் புகார் நின்றுவிட்டது. 'அனுப்பு' அழுத்தியதும் உடனே 'வரிசையில் உள்ளது' என்று வருவதால் ஊழியர்கள் மறுபடி அழுத்துவதும் இல்லை. இரண்டு வொர்க்கர், இன்னும் ஒரே சர்வர்.

நேற்று ஒரு கோளாறு. பதினொரு மணியிலிருந்து ஒரு வொர்க்கர் எதையும் எடுக்கவில்லை. சாகவும் இல்லை, எரரும் இல்லை, அப்படியே நின்றது. மீட்பு நிரல் அது பிடித்திருந்த வரியை விடுவித்தது, அடுத்த வொர்க்கர் எடுத்து அதுவும் அதே இடத்தில் நின்றது.

கிண்டி_எக்ஸ்பிரஸ் | சனி, காலை 10:41

எஸ்எம்எஸ் நிறுவனத்தைக் கூப்பிடும் இடத்தில் டைம்அவுட் போட்டிருக்கிறீர்களா? பைத்தான் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி, நாம் சொல்லாவிட்டால் காலவரையின்றிக் காத்திருக்கும். முன்பு குனிகார்ன் 30 விநாடியில் கொன்றதால் இது வெளியே தெரிந்திருக்காது. செலரியில் ஒரு வேலைக்கு இத்தனை விநாடி என்று வெளியிலிருந்தே வரம்பு வைக்கலாம். உங்கள் டேபிளில் அதையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

தரமணி_தென்றல் | சனி, காலை 11:15

போடவில்லை. இப்போது பத்து விநாடி போட்டுவிட்டேன், இரண்டு வொர்க்கரும் ஓடுகின்றன. வேலை முழுவதற்கும் வரம்பு வைப்பதைத் திங்கட்கிழமை எழுதுகிறேன். இன்னும் நாற்பத்தொரு ரிப்போர்ட் வரிசையில் இருக்கிறது, அது முடியும்வரை பக்கத்திலேயே இருக்கிறேன்.