ஆர்க்டிக் கப்பலில் சர்ஜனுக்கு என்னதான் வேலை?

கடலோடி:
1800களில் வடக்கே போன பிரிட்டிஷ் கப்பல்களில், திமிங்கில வேட்டைக் கப்பலில்கூட, ஒரு சர்ஜன் இருந்திருக்கிறார். பல பேர் படிப்பையே முடிக்காத மாணவர்கள். மாலுமிகளோ திடகாத்திரமான ஆட்கள். மாசக்கணக்கில் பனிக்கு நடுவே இவருக்கு என்ன வேலை? உறைந்துபோன விரலை வெட்டுவதுதானா?

மருந்துப்பெட்டி:
அதுவும் உண்டு, பனி வெளிச்சம் பட்டுக் கண் எரிந்து பார்வை மங்கியவர்களைக் கவனிப்பதும் உண்டு. ஆனால் மாலுமிகளைப் பாடாய்ப் படுத்தியது ஸ்கர்விதான், வைட்டமின் சி குறைவால் வரும் நோய். ஈறு வீங்கிப் பல் ஆடும், எப்போதோ ஆறிய புண்கூட மறுபடி வாய் பிளக்கும். ஜான் ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். எடின்பரோவில் மருத்துவம் முடித்த கையோடு 1833இல் கனடாவில் ரோம வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் கப்பலில் சர்ஜனாக ஏறினார், அப்போது 20 வயதுகூட ஆகவில்லை. திரும்பும்போது பனி மறித்துவிட, ஹட்சன் விரிகுடாவின் தெற்கே இருக்கும் சார்ல்டன் தீவில் குளிர்காலம் முழுக்க மாட்டிக்கொண்டார்கள். ஸ்கர்வி சிலரைக் கொண்டுபோனது. மிச்சப் பேர் பிழைத்தது பெட்டியில் இருந்த மருந்தால் இல்லை, பனிக்கடியில் கிடந்த கிரான்பெர்ரி என்ற புளிப்புப் பழத்தை இவர் தேடியெடுத்துக் கொடுத்ததால்.

நங்கூரம்:
ஸ்கர்வியைத் தடுக்க எலுமிச்சைச் சாறு பிரிட்டிஷ் கடற்படையில் அதற்கு முன்பே வந்துவிட்டதே?

மருந்துப்பெட்டி:
வந்தது, அப்புறம் அவர்களே கெடுத்துக்கொண்டார்கள். 1860களில் மத்தியதரைக் கடல் பக்கத்துப் பெரிய மஞ்சள் எலுமிச்சையை (லெமன்) விட்டுவிட்டு மேற்கிந்தியத் தீவுகளின் சின்னப் பச்சை எலுமிச்சைக்கு (லைம்) மாறினார்கள், அதில் வைட்டமின் சி ரொம்பக் குறைவு. 1875இல் நாரெஸ் தலைமையில் போன பிரிட்டிஷ் கடற்படையின் ஆர்க்டிக் பயணத்தில் சறுக்குவண்டிக் குழுக்கள் அதையும் கொண்டுபோகவில்லை, குளிரில் உறைந்துவிடும் என்று. 1876 மே மாதம் அதில் மார்க்கம் என்பவரின் குழு வட அட்சரேகை 83 பாகையைத் தாண்டிச் சாதனை படைத்தது சரி, திரும்பும்போது ஸ்கர்வியால் பாதிப் பேருக்கு நடக்கவே முடியவில்லை. லண்டனில் விசாரணைக் கமிட்டியே வைத்தார்கள்.

உப்புக்காற்று:
இன்னொரு வேலையும் உண்டு, பிணப் பரிசோதனை. ஆர்க்டிக் வழியே கடல் பாதை தேடிப்போய் யாருமே திரும்பாத ஃபிராங்க்ளின் பயணத்தில் 1846 ஜனவரி முதல் வாரத்திலேயே இரண்டு பேர் இறந்தார்கள். அதில் ஹார்ட்னெல் என்பவரின் உடலை 1986இல் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் இருக்கும் பீச்சி தீவில் தோண்டியபோது, கப்பல் சர்ஜன் ஏற்கெனவே நெஞ்சைத் திறந்து பார்த்துத் தைத்திருந்தது தெரிந்தது. அந்தக் குளிரில், விளக்கு வெளிச்சத்தில்!

கடலோடி:
அப்போ ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களுக்கு மட்டும் ஸ்கர்வி ஏன் வரவில்லை? அங்கே காய்கறியே கிடையாதே.

நங்கூரம்:
சீல் ஈரலையும் திமிங்கிலத் தோலையும் பச்சையாகத் தின்பார்கள், அதிலேயே வைட்டமின் சி இருக்கிறது. எலிஷா கேன் என்ற அமெரிக்க சர்ஜன், 1853இல் தானே தலைமையேற்றுப் போனவர், புது இறைச்சிக்கு வழியில்லாதபோது கப்பல் எலிகளையே சூப் வைத்துக் குடித்தார். கூட இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஸ்கர்வி அவர்களை வாட்டிய அளவுக்கு இவரை வாட்டவில்லை.